ஏக்டு லாக்பே

காலை ஆறரைக்கே வரிசை நின்றுவிடும்
ரத்தம் எடுக்கும் அறையில்.
மால்டாவிலிருந்தும் அகர்தலாவிலிருந்தும்
ரயிலிலேயே தூங்கி ரயிலிலேயே விழித்துக்
காட்பாடியில் இறங்கியவர்கள்.
எனக்குத் தெரிந்த வங்காளம் இரண்டே வாக்கியம்.
கையை மடக்கு என்பது ஒன்று.
ஏக்டு லாக்பே என்பது இன்னொன்று.
கொஞ்சம் வலிக்கும்.
சொல்லிவிட்டுக் குத்தினால்
பெரும்பாலும் யாரும் கையை இழுப்பதில்லை.

துரை சொல்லாமல் கடித்தது.

அப்படித்தான் தயாளனிடம் சொன்னேன்,
ஆள்காட்டி விரலைச் சொம்புத் தண்ணீரில் முக்கியபடி.
நாலு வருஷம் என் தோளில் உட்கார்ந்து
தட்டிலிருந்து உப்புமா பொறுக்கிய காக்டீல்.
மஞ்சள் கொண்டை, ஆரஞ்சுக் கன்னம்.
லாங்கு பஜாரில் கூண்டோடு தரும்போது முனவர்
"ஆம்பளைம்மா, கியாரண்டி" என்றார்.
அதனால் துரை.

சித்திரைக் கடைசியில் ஆரம்பித்தது.
சுற்றிலும் மொட்டை மலை, மலையெல்லாம் அடுப்பு,
ராத்திரி பத்துக்கும் சத்துவாச்சாரிச் சுவர் சுடும்.
விரல், காது மடல், கட்டைவிரல் கணு என்று
வாரத்துக்கு ஓரிடம்.
பாகாயம் ரூட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டும் தயாளன்
இடப்பக்கம் முந்துகிறவனை வையும் அதே குரலில்
"நன்றி கெட்டது, வித்துடுக்கா" என்றான்.
எதிர்வீட்டு எஸ்தர்
அலகில் ஒரு தட்டுத் தட்டச் சொன்னாள்.
தட்டினேன்.
இதை எழுதாமல் விட்டிருக்கலாம்.
மறுநாள் இன்னும் ஆழமாய்க் கடித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை
கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா பார்த்தேன்.
பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே
பொங்கலுக்கு வாங்கிய குக்கரின் அட்டைப்பெட்டி.
துரை அதற்குள் போகிறது, வருகிறது,
அட்டையைக் கிழித்துக் கிழித்து உள்ளே இழுக்கிறது.
நான் துணி மடிக்க, தம்பி கிரிக்கெட் பார்க்க,
நடுநிசிவரை எரிகிறது ட்யூப்லைட்.
அதன் கணக்கில் பகல் நீண்டுகொண்டே போயிருக்கிறது.
நீண்ட பகலென்றால் கூடு கட்டும் காலம்.
சொன்னது சூரியனில்லை,
எங்கள் வீட்டு சுவிட்ச்.

கையைப் பெட்டியருகே கொண்டுபோனேன்.
கொண்டை தலையோடு ஒட்டிப் படுத்தது.
றெக்கை அரைவாசி விரிய, உடம்பு தாழ,
அலகு பிளந்து
வெயிட் எழும்புமுன் குக்கர் விடுமே
அந்த மெல்லிய ஸ்ஸ்.

தினமும் எத்தனை கை பார்க்கிறேன்.
தோள் இறுகினால் தெரியும்.
உதடு வெளுத்தால்
நாற்காலியை விட்டு விழப்போகிறார் என்று தெரியும்.
இது ஒவ்வொரு தடவையும்
கொண்டையால் ஒருமுறை, றெக்கையால் ஒருமுறை,
மூச்சால் ஒருமுறை
சொல்லிவிட்டுத்தான் கடித்திருக்கிறது.
நான் செல்லமென்று நினைத்து
விரலை இன்னும் கிட்டே நீட்டியிருக்கிறேன்.

எடுத்துக்கொண்டேன் கையை.
கொண்டை ஒரு விரற்கடை எழுந்தது.

புதன்கிழமை பெட்டிக்குள் முட்டை.
முனவருக்குப் போன் போட்டேன்.
கொஞ்ச நேரம் கடைக் கிளிச்சத்தம் மட்டும் கேட்டது.
"பேரை மாத்தாதீங்கம்மா, பழகிப்போச்சு" என்றார்.
துரை துரையாகவே அடைகாக்கிறது,
குஞ்சு வராத மூன்று முட்டைகளை.
எடுத்தால் மேலும் இடுமாம். விட்டுவைத்திருக்கிறேன்.
ஆறரைக்கு விளக்கை அணைக்கிறோம்.
தம்பி மொட்டைமாடியில் உட்கார்ந்து
இருட்டில் ஸ்கோர் கேட்கிறான், கொசுவை அடித்துக்கொண்டு.
தினைக் கிண்ணத்தை ஒரு முழம் தள்ளி வைத்துவிட்டு
வந்துவிடுகிறேன் நான்.
இன்னும் சீறுகிறது.
எல்லாம் புரிந்துவிட்டதென்று
நான் அவசரப்படும் நாட்களில்
கடிக்கவும் செய்கிறது.

இன்று டோக்கன் நாற்பத்தேழு.
சங்கு வளையலை மேலே தள்ளிக் கை நீட்டிய அம்மாள்
என் விரலில் பிளாஸ்திரியைப் பார்த்தாள்.
"லாக்லோ?"
ஊசியைப் பிரித்தபடி
என் இரண்டு வாக்கியத்தையும் துழாவினேன்.
"ஏக்டு" என்றேன்.
நான் கேட்குமுன்னே
கையை மடக்கினாள்.